வாய்க்கால் வழியே அந்தலூசியா

வெள்ளி, தொலேதோ

மத்ரீதிலிருந்து தெற்கே அரைமணி நேர ரயில் பயணத்தில் தொலேதோ வந்துவிடுகிறது. தாஹோ ஆறு ஆழமான பள்ளத்தில் மூன்று பக்கமும் வளைந்தோட, நடுவிலிருக்கும் பாறைக் குன்றின்மேல் ஊர் நெருக்கமாக அமர்ந்திருக்கிறது. முஸ்லிம் ஆட்சியில் அந்தலூசியா எனப்பட்ட ஸ்பெயினில் அரபியர் விட்டுச் சென்றதைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் கோர்தோபாவின் பெரிய பள்ளிவாசலையும் கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையையும் கண்டு திரும்புகிறார்கள். இரண்டும் காண வேண்டியவையே; நானும் காணப் போகிறேன். ஆனால் இந்தப் பயணத்தில் நான் பின்தொடர விரும்புவது தண்ணீரை. கட்டடங்கள் நின்றுவிட்ட வரலாற்றின் சாட்சிகள். வாய்க்கால்களோ இன்றும் ஓடுகின்றன, அவற்றின் நீரை இன்றும் மக்கள் முறைவைத்துப் பங்கிடுகிறார்கள்.

அரபியர் என்று இங்கே நான் குறிப்பது ஒரே இனத்தாரை அல்ல. 711இல் தாரிக் இப்னு ஸியாதின் தலைமையில் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்த படையில் பெரும்பாலோர் வட ஆப்பிரிக்காவின் பெர்பெர் மக்கள். அவர்களைத் தொடர்ந்து அரேபியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்த குலத்தார் ஆட்சியிலும் நிலத்திலும் இடம்பெற்றார்கள். உள்நாட்டுக் கிறித்தவர்களில் பெருந்தொகையினர் நாளடைவில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். கிறித்தவர்களாகவும் யூதர்களாகவும் தொடர்ந்தவர்கள்கூட அரபு மொழியில் பேசவும் எழுதவும் செய்தார்கள். இத்தனை பேரையும் ஓர் உலகத்தாராக இணைத்தது அரபு மொழியும் அதனூடே வந்த அறிவுமே என்பதால்தான் அந்தப் பொதுப்பெயரைப் பயன்படுத்துகிறேன்.

ஊருக்கு வெளியே, ஆற்றையொட்டி, 11ஆம் நூற்றாண்டில் இரண்டு நீர்க்கடிகாரங்கள் இருந்தன. அவற்றை அமைத்தவர் தொலேதோவின் பெரும் வானியலாளரான அல்-ஸர்காலி. பிறை தோன்றும் இரவிலிருந்து தொட்டிகளில் நீர் சிறிது சிறிதாக ஏறும், முழுநிலவன்று நிரம்பும், பிறகு தேய்பிறையோடு சேர்ந்து இறங்கும் என்று அடுத்த நூற்றாண்டின் புவியியலாளர் அல்-ஸுஹ்ரி எழுதியிருக்கிறார். நகரம் கிறித்தவ அரசர்களின் கைக்கு வந்தபின், அவற்றின் இயக்கத்தை அறிவதற்காக ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள், மீண்டும் பொருத்த இயலவில்லை என்பதும் அவர் தரும் செய்திதான். இன்று அந்த இடத்தில் காண எதுவுமில்லை. ஆற்றோரமாக நடந்துவிட்டு மேலேறினேன்.

மேலே, 999ஆம் ஆண்டில் கட்டப்பட்டதென்று முகப்பின் செங்கல் எழுத்துகளே சொல்லும் சிறு பள்ளிவாசல் ஒன்று, பின்னாளில் தேவாலயமாக மாற்றப்பட்ட நிலையில் நிற்கிறது. சிறிய சதுரக் கூடத்தின் ஒன்பது விதானங்களும் ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் ஒன்பது விதமாகப் பின்னப்பட்டிருக்கின்றன.

1085இல் காஸ்தில் அரசர் ஆறாம் அல்ஃபோன்சோ தொலேதோவைக் கைப்பற்றியபோது இங்கிருந்த அரபு நூல்கள் அழியவில்லை என்பது ஐரோப்பாவின் நற்பேறு. இத்தாலியின் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்து, பண்டைய கிரேக்க அறிஞர் தாலமியின் வானியல் நூல் லத்தீனில் கிடைக்காததால் அதைத் தேடி இங்கே வந்து, அரபு கற்று, 1187இல் இறக்கும்வரை இங்கேயே தங்கி, எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை லத்தீனில் பெயர்த்தார். பாரசீக மருத்துவர் இப்னு ஸீனாவின் மருத்துவப் பெருநூல் அவற்றில் ஒன்று. ஐரோப்பாவின் மருத்துவக் கல்வி பல நூற்றாண்டுகள் அந்தப் பெயர்ப்பின்மீது நின்றது. பாக்தாதிலும் பாரசீகத்திலும் எழுதப்பட்டவை பாரிசுக்கும் பொலோனாவுக்கும் போய்ச்சேர்ந்த வழிகளில் முதன்மையானது இந்தக் குன்றுதான்.

ஆனால் அந்த வெற்றியின்போது எல்லோரும் இங்கே தங்கிவிடவில்லை. தொலேதோ அரசரின் தோட்டங்களைப் பேணிய வேளாண் அறிஞர் இப்னு பஸ்ஸால் தெற்கே செவியாவுக்குப் போய், அங்கும் அரசத் தோட்டமொன்றை உருவாக்கினார். மண்ணைப் பத்து வகையாகவும், பாசன நீரை மழைநீர், ஆற்றுநீர், ஊற்றுநீர், கிணற்றுநீர் என நான்காகவும் பிரித்து, எந்தப் பயிருக்கு எது பொருந்தும் என்று அவர் எழுதினார். பிறர் எழுதியவற்றைத் தொகுப்பதைவிடத் தம் கையால் செய்து பார்த்தவற்றையே அவர் எழுதினார் என்பதற்காக அவரை மிகவும் மதிக்கிறேன். நாளை நானும் தெற்கே போகிறேன்.

சனி, கோர்தோபா

மே மாத வெயில் இங்கே இப்போதே கடுமையாக இருக்கிறது. வீடுகளின் முற்றங்களைப் பூச்சட்டிகளால் அலங்கரித்து ஊராருக்குத் திறந்துவைக்கும் விழாக்காலம் என்பதால் தெருக்களில் நல்ல கூட்டம். வெளியே வெறுமையான வெள்ளைச் சுவர், உள்ளே திறந்த முற்றம், நடுவில் கிணறோ சிறு நீரூற்றோ: ரோமானியர் காலத்திலிருந்தே இருந்த வீட்டமைப்பை அரபியர் தமதாக்கி, நீரையும் நிழலையும் அதன் மையமாக்கினார்கள்.

குவாதல்கிவிர் ஆற்றின் ரோமானியப் பாலத்தருகே அல்போலாஃபியா என்னும் நீரேற்றுச் சக்கரம் நிற்கிறது. இப்போது காண்பது 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் அமைத்தது. பழைய சக்கரம் 14ஆம் நூற்றாண்டின் நகர முத்திரையிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அது இரவெல்லாம் எழுப்பிய ஓசை, அருகிலுள்ள கோட்டையில் தங்கியிருந்த இசபெல் அரசியின் தூக்கத்தைக் கெடுத்ததால் கழற்றப்பட்டது என்பது ஊர் வழக்கு. சிரியாவின் ஹமா நகரில், ஒரோண்டிஸ் ஆற்றங்கரையில் இத்தகைய மாபெரும் மரச்சக்கரங்கள் இன்றும் உண்டு. இந்த ஒற்றுமை தற்செயலானதல்ல. 750இல் கலீஃபா ஆட்சியை உமய்யாக்களிடமிருந்து பறித்த அப்பாஸியரின் படுகொலையிலிருந்து தப்பிய உமய்யாக் குலத்து இளவரசர் அப்துர் ரஹ்மான் 756இல் கோர்தோபாவில் ஆட்சியை நிறுவியபோது, சிரியாவையே இங்கு மீண்டும் நட முயன்றார். தம் பாட்டனாரின் ருஸாஃபா அரண்மனையின் பெயரிலேயே ஊருக்கு வெளியே ஒரு தோட்டம் அமைத்து, கிழக்கிலிருந்து கன்றுகளையும் விதைகளையும் வரவழைத்தார். தம்மைப்போலவே தாய்மண்ணை விட்டு அயலில் வளரும் ஒரு பேரீச்ச மரத்தை நோக்கிப் பாடியதாக அவர் பெயரில் ஒரு கவிதை வழங்குகிறது.

அவர் 785ஐ ஒட்டித் தொடங்கிய பெரிய பள்ளிவாசலுக்குள் மதியம் முழுவதும் இருந்தேன். பின்வந்தவர்கள் இரு நூற்றாண்டுகள் விரித்துக்கொண்டே போன மண்டபத்தில் 850க்கும் மேற்பட்ட தூண்கள் இன்று எஞ்சியிருக்கின்றன. பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், அரபியருக்கு முன் ஆண்ட விசிகோத்தியரின் கட்டடங்களிலிருந்தும் எடுத்த தூண்கள் குட்டையானவை. கூரையை உயர்த்துவதற்காக ஒரு வளைவின்மேல் இன்னொரு வளைவு என இரண்டடுக்காகக் கட்டி, செங்கல்லையும் வெண்கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கினார்கள். மேரிதாவில் இருக்கும் ரோமானிய நீர்ப்பாலமே இதற்கு முன்மாதிரி என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். தண்ணீரைத் தாங்கிய அமைப்பு ஒன்று தொழுகைக் கூடத்தைத் தாங்க வந்தது என்ற அந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கலீஃபா இரண்டாம் ஹகம் 960களில் கட்டிய தொழுகை மாடத்தின் பொன் மொசைக்குகளுக்காகப் பைசாந்தியப் பேரரசர் ஒரு கைவினைஞரையும் வேண்டிய கற்களையும் அனுப்பிவைத்தார். 1236இல் நகரம் கிறித்தவர் வசமானபின் இது தேவாலயமானது; 1523இல் மண்டபத்தின் நடுவே தூண்களை அகற்றிப் பேராலயம் எழுப்பத் தொடங்கினார்கள். அந்த நடுக்கூடம் தன்னளவில் அழகானதுதான், எனினும் அதற்காக வெட்டப்பட்ட காட்சியின் இழப்பை நினைத்து வருந்தாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வெளியே ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றத்தில், ஒவ்வொரு மரத்தடிக்கும் நீர் போக, தரையில் சிறு ஓடைகள் பதித்திருக்கிறார்கள். தரைக்கடியில் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆட்சியைத் தம் கையில் வைத்திருந்த அமைச்சர் அல்-மன்சூர் கட்டிய நிலத்தடித் தொட்டி இருக்கிறது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மத்தியதரைக் கடல் நாடுகளில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டுபோகிறது. ரோமானியர் பயிரிட்ட கோதுமையும் திராட்சையும் ஒலிவமும் அந்தப் பருவத்துக்கு இசைந்தவை. அரபியர் மேற்கே கொண்டுவந்த நெல், கரும்பு, கத்தரி, எலுமிச்சை, பருத்தி போன்றவையோ நம் பருவமழை நாடுகளின் பயிர்கள். வெயிலும் நீரும் ஒருசேர வேண்டுபவை. அவை இந்தியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பாரசீகம், இராக், எகிப்து வழியாகக் கைமாறி வந்தபோது, விதை மட்டும் வந்திருந்தால் இந்த மண்ணில் ஒரு கோடையைக்கூடத் தாண்டியிருக்காது. விதையோடு பாசனமும் வந்ததால்தான், கோடையில் தரிசாகக் கிடந்த நிலத்தில் இன்னொரு போகம் விளைந்தது. இந்த மாற்றம் எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமானது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ரோமானியர் காலத்திலேயே பாசனம் இருந்தது என்பதும் உண்மை. ஆனாலும் அதை ஓர் ஆற்றுச் சமவெளி முழுவதற்கும் பரப்பி, கோடை வேளாண்மைக்கு அடித்தளமாக்கியது அந்தலூசியர் காலம்தான்.

ஞாயிறு, மதீனத் அஸ்-ஸஹ்ரா

கோர்தோபாவுக்கு மேற்கே எட்டு கிலோமீட்டர் தொலைவில், மலைச்சரிவில், மூன்று படிகளாக இறங்கும் இடிபாட்டு நகரம் இது. 929இல் தம்மைக் கலீஃபாவாக அறிவித்துக்கொண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936இல் இதைக் கட்டத் தொடங்கினார். உச்சியில் அரண்மனை, இடையில் அலுவலகங்களும் தோட்டங்களும், அடியில் மக்களின் குடியிருப்புகளும் பள்ளிவாசலும் இருந்தன. 1010ஐ ஒட்டிய உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்ட நகரம் ஒரு நூற்றாண்டுகூட வாழவில்லை. அகழாய்வு 1911இல் தொடங்கியும், இன்றுவரை வெளிக்கொணர்ந்தது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்.

இந்நகருக்கான நீரை மலையிலிருந்து கொண்டுவர, கலீஃபாவின் பொறியாளர்கள் புதிதாக எல்லாவற்றையும் தோண்டவில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானியர் கோர்தோபாவுக்காக வெட்டி, பின்னர் கைவிடப்பட்ட கால்வாயைச் செப்பனிட்டு, நகருக்குத் தேவையான உயரத்தில் திருப்பிவிட்டார்கள். வால்தேபுவென்தெஸ் என்ற இடத்தில், அவர்கள் தம் பங்குக்குக் கட்டிய நீர்ப்பாலத்தைக் குதிரைலாட வடிவ வளைவுகள் காட்டிக்கொடுக்கின்றன. முன்னவர் விட்டதை இடிக்காமல், அதன் தேவையறிந்து, தம் கணக்கையும் சேர்த்து நீட்டிக்கும் இந்தப் போக்கை அரபு நாகரிகத்தின் பல துறைகளிலும் காணலாம். கிரேக்க மருத்துவத்தையும் இந்திய எண்முறையையும் அவர்கள் கையாண்ட முறையும் இதுவே.

961இல், இரண்டாம் ஹகமின் காலத்தில், கோர்தோபாவில் ஒரு நாட்காட்டி எழுதப்பட்டது. அதைத் தொகுத்தவர்களாக அரீப் இப்னு ஸஅத் என்ற அரபு அறிஞரும், ரபீ இப்னு ஸைத் என்று அரபுப் பெயரும் பூண்டிருந்த ரெசெமுந்து என்ற கிறித்தவ ஆயரும் அறியப்படுகிறார்கள். ஒவ்வொரு மாதத்திலும் விண்மீன்கள் எங்கே நிற்கும், எந்தப் பயிரை நடுவது, எதை அறுப்பது, எந்தப் புனிதரின் திருநாள் எப்போது என்பவை ஒரே நூலில் அடுத்தடுத்து வருகின்றன. அந்தக் காலத்தின் நல்லிணக்கத்தை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. கிறித்தவரும் யூதரும் தனி வரி கட்டினார்கள், அவ்வப்போது கொடுமைகளும் நிகழ்ந்தன. எனினும் ஓர் ஆயரும் ஒரு முஸ்லிம் அறிஞரும் உழவனுக்காக ஒரே நூலில் இடம்பெறும் சமூகம் அந்நாளைய ஐரோப்பாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

அறுவை மருத்துவக் கருவிகளை ஏறக்குறைய 200 படங்களோடு விளக்கிய அல்-ஸஹ்ராவியின் பெயரும் இந்த நகரிலிருந்து வந்ததே. அவர் நூலையும் லத்தீனுக்குக் கொண்டுபோனவர் தொலேதோவின் ஜெரார்துதான்.

திங்கள், கிரனாடா

அல்ஹம்ப்ரா நிற்கும் ஸபீக்கா குன்றில் இயற்கையான நீரில்லை. உச்சியில் முன்பே ஒரு கோட்டை இருந்தது. ஆனால் சேமித்த நீரை மட்டும் நம்பியிருக்கும் இடத்தில் ஒரு படைக்காவல் வாழலாமே தவிர, ஓர் அரச நகரம் வாழ முடியாது. 1238இல், கிரனாடாவை ஆண்ட நஸ்ரிய அரசின் நிறுவனரான முஹம்மது இப்னுல் அஹ்மர் குன்றின்மேலேறி, கட்டுமானத்துக்கு எல்லை வகுத்தபோது செய்த முதல் வேலைகளுள் ஒன்று, தார்ரோ ஆற்றில் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் மேலே அணை கட்டி, மலைச்சரிவை ஒட்டியே வாட்டம் பிசகாமல் ஒரு வாய்க்காலை இழுத்து வந்ததுதான். ஹெனராலிஃபே தோட்டத்தின் நீண்ட முற்றத்தில் நடுவே ஓடுவது அந்த அரச வாய்க்காலின் நீரே. பக்கங்களிலிருந்து வளைந்து பாயும் தாரைகளைப் பிற்காலத்தில் சேர்த்திருக்கிறார்கள். அவற்றைக் கண்ணிலிருந்து விலக்கிவிட்டு, நடுவில் அமைதியாக நகரும் நீரை மட்டும் பார்த்தால் பழைய எண்ணம் பிடிபடுகிறது. அதற்கும் மேலே, லாரல் மரங்களின் நிழலில் ஏறும் படிக்கட்டின் கைப்பிடிச் சுவர்களே வாய்க்கால்களாக இருக்கின்றன. ஏறுகிறவர் கையை வைத்தால் ஓடும் நீர் விரல்களில் படும்.

மிர்தில் செடிகள் எல்லைகட்டிய முற்றத்தில் ஏறத்தாழ 34 மீட்டர் நீளமான குளம் கோமாரெஸ் கோபுரத்தைத் தலைகீழாக ஏந்திக்கொண்டிருக்கிறது. அங்கே நீர் அசையக்கூடாது. அதனால் குளத்தின் இரு முனைகளிலும் ஊற்றிலிருந்து வரும் நீர், குறுகிய தடத்தில் வேகம் தணிந்த பிறகே குளத்தில் கலக்கிறது. அடுத்துள்ள சிங்க முற்றத்தில் நேர்மாறாக எல்லாமே ஓட்டம். 14ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் முஹம்மது கட்டிய இம்முற்றத்தின் நடுவே பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் தொட்டியைச் சூழ நின்று நீரை உமிழ, நான்கு திசைகளிலும் ஓடைகள் பிரிகின்றன. தொட்டியின் விளிம்பில் இப்னு ஸம்ரக்கின் கவிதை பொறிக்கப்பட்டிருக்கிறது: பளிங்கும் நீரும் கலந்து, எது ஓடுகிறது என்று அறியமுடியவில்லை என்பது அதில் ஒரு கருத்து. அரசவைப் புகழ்ச்சிக் கவிதைதான்; ஆனாலும் அதை எழுதியவர் நீரை உற்றுப் பார்த்திருக்கிறார்.

மாலையில் எதிர்க்குன்றான அல்பைசினில் நடந்தேன். இந்தப் பகுதிக்கு அல்ஃபகார் ஊற்றிலிருந்து அய்னதமார் வாய்க்கால் நீர் கொண்டுவந்தது. தெருமுனைகளில் செங்கல் வளைவுகளோடு நிற்கும் பொதுத் தொட்டிகளில் அது நிரம்பியது. பெரும்பாலான தொட்டிகள் பள்ளிவாசல்களை ஒட்டியிருந்தன. பள்ளிவாசல்கள் தேவாலயங்களானபோதும் தொட்டிகளை எவரும் மூடவில்லை. 1492 ஜனவரி 2 அன்று நகரை ஒப்படைப்பதற்கு முன் செய்த உடன்படிக்கை மதத்துக்கும் வழக்கங்களுக்கும் காப்பளித்தது. பத்தாண்டுக்குள் அது முறிக்கப்பட்டு, கட்டாய மதமாற்றமும், பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் கர்தினால் சிஸ்னெரோசின் ஆணைப்படி அரபு நூல்களின் எரிப்பும் நடந்தன. மருத்துவ நூல்களை மட்டும் ஒதுக்கிவைத்தார்கள். உடலுக்குத் தேவையானதை வைத்துக்கொண்டு மற்றவற்றை எரித்த அந்தத் தேர்வு, நீர் விஷயத்திலும் தெரிகிறது: எழுத்தைத் தடைசெய்தவர்கள் வாய்க்காலின் முறையை மட்டும் அப்படியே தொடரச் சொன்னார்கள்.

செவ்வாய், அல்புஹாரா

சியெர்ரா நெவாதா மலைத்தொடரின் தென்சரிவில், போக்கெய்ரா பள்ளத்தாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வெள்ளை ஊர்கள் இருக்கின்றன. அவற்றில் மேலேயிருக்கும் கபிலெய்ராவில் தங்கியிருக்கிறேன். சாம்பல்நிறக் களிமண் பரப்பிய தட்டைக் கூரைகளும், தெருவின் குறுக்கே ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குத் தாவும் மாடிகளும் மொராக்கோவின் அட்லஸ் மலை ஊர்களை நினைவூட்டும். இங்கே குடியேறியவர்களில் பெர்பெர் மக்கள் மிகுதி என்பது தெரிந்ததே. பின்னால் ஏறத்தாழ 3,480 மீட்டர் உயரத்தில் முல்ஹசென் சிகரம் பனியோடு நிற்கிறது.

இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்த நாள் இதுவே. இங்கே இரண்டு வகை வாய்க்கால்கள் உண்டு. ஒன்று எல்லோரும் அறிந்த பாசன வாய்க்கால். இன்னொன்றை ‘கரேயோ’ வாய்க்கால் என்கிறார்கள். அதன் நோக்கம் நீரை வயலுக்குக் கொண்டுபோவதல்ல, மலைக்குள் இறக்குவது. குளிர்காலத்திலும் பனி உருகும் வசந்தத்திலும் ஓடைகளில் வேகமாக இறங்கி வீணாகப் போகும் நீரை, ஓடையின் தலைப்பிலேயே மறித்து, கரையில் சுண்ணமோ சிமெண்டோ பூசாத மண் வாய்க்கால்களின் வழியே சரிவின் குறுக்காக நடத்திச் செல்கிறார்கள். வழியெல்லாம் நீர் கசிகிறது. கசியவேண்டும் என்பதே ஏற்பாடு. மண்ணும் பாறையும் நன்றாக உள்வாங்கும் இடங்களை முன்னோர் கண்டறிந்து வைத்திருக்கிறார்கள். அங்கே வாய்க்காலின் கரையைத் திறந்து மீதி நீரையும் பரவவிடுகிறார்கள். சிதைந்த பாறை அடுக்குகளுக்குள் மெல்ல நகரும் அந்நீர், வாரங்களோ மாதங்களோ கழித்து, சரிவின் கீழே ஊற்றுகளாக வெளிவருகிறது, அதாவது பனியெல்லாம் தீர்ந்து வயல்கள் நீருக்கு ஏங்கும் கோடையில். மலையின் வயிற்றையே ஒரு நீர்த்தேக்கமாக மாற்றிய இந்தச் சிந்தனைக்கு முன்னால் நான் வியந்து நின்றேன். எந்தெந்த இடத்தில் விட்ட நீர் எந்த ஊற்றில் எப்போது எழும் என்பதை எந்தக் கருவியுமில்லாமல், தலைமுறைகளாகப் பார்த்துப் பார்த்தே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

காலையில் ஊருக்கு மேலே அத்தகைய வாய்க்கால் ஒன்றை ஒட்டியே நடந்தேன். இரண்டடி அகலம்தான் இருக்கும். கரையில் கஷ்கொட்டை மரங்கள் வரிசையாக வளர்ந்திருந்தன. கீழ்ச்சரிவு முழுவதும் பசுமை, மேற்சரிவு வெறும் புதர். தங்குமிடத்து மூதாட்டி, தம் தந்தையார் காலத்தில் ஆண்டுதோறும் வசந்தத்தில் வீட்டுக்கொருவர் மண்வெட்டியோடு போய் வாய்க்கால் தூர்வாருவார்கள் என்றும், முறைக்காரரான வாய்க்கால் காவலர் சொல்லே இறுதி என்றும் சொன்னார். 1960களுக்குப் பிறகு இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டதால் பல வாய்க்கால்கள் தூர்ந்தன. சில இடங்களில் கசிவைக் குறைக்கிறோம் என்று குழாய் பதித்தார்கள், சிமெண்டு பூசினார்கள். கசிவே இங்கே பயன் என்பதை மறந்ததால் கீழேயிருந்த ஊற்றுகளும் மரங்களும் வாடின. கிரனாடா பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் 2014 முதல் ஊராரோடும் தன்னார்வலரோடும் சேர்ந்து பழைய வாய்க்கால்களைத் தூர்வாரி மீட்டுவருகிறார்கள். தொல்லியல் என்பது புதைந்ததை எடுத்துக் காட்சிக்கு வைப்பதோடு நில்லாமல், அதை மீண்டும் வேலை செய்யவைப்பதாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியவில்லை.

இந்த மலையின் வரலாறு துயரமானது. கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட மொரிஸ்கோக்கள், அரபு மொழியும் உடையும் குளியலறையும்கூடத் தடைசெய்யப்பட்டபோது 1568இல் இங்கேதான் கிளர்ந்தெழுந்தார்கள். 1571 வரை நீண்ட கொடிய போரின் முடிவில் கிரனாடா நாட்டு மொரிஸ்கோக்கள் காஸ்தில் முழுவதும் சிதறடிக்கப்பட்டார்கள். காலியான ஊர்களில் வடக்கிலிருந்து கலீசியர் முதலானோரைக் குடியேற்றினார்கள். மழை நிறைந்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த மலையின் நீர்முறை எதுவும் தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்க ஊருக்கு இரண்டு மொரிஸ்கோக் குடும்பங்களை நிறுத்திக்கொண்டார்கள் என்று இங்குள்ளோர் இன்றும் சொல்கிறார்கள்.

புதன், பேருந்தில்

நாள் முழுவதும் பயணம். குவாதிக்ஸ் அருகே செம்மண் குன்றுகளைக் குடைந்த வீடுகள்; முர்சியாவில் செகூரா ஆற்றின் பாசனச் சமவெளி; எல்சேயில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பேரீச்ச மரங்கள், அவற்றினூடே அந்தலூசியர் காலத்து வாய்க்கால்கள். இரவு வலென்சியா வந்து சேர்ந்தேன். தங்கியிருக்கும் பகுதியின் பெயர் ருஸாஃபா. கோர்தோபாவில் ருஸாஃபாவை அமைத்த முதலாம் அப்துர் ரஹ்மானின் மகன் அப்துல்லா இங்கே அமைத்த தோட்டத்தின் பெயர் அது. சிரியப் பாலைவனத்து ஊர் ஒன்றின் பெயர் கோர்தோபா வழியாக இங்குள்ள உணவகப் பலகைகள்வரை வந்திருக்கிறது.

வியாழன், வலென்சியா

பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு முன்னால் பதினொன்றரை மணிக்கே போய் நின்றுவிட்டேன். இந்தப் பேராலயம் பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் எழுந்தது. பள்ளிவாசலின் வாயிலில் கூடிய அவை, கோயில் மாறிய பிறகு முஸ்லிம்களும் வந்து நிற்க வசதியாக வாசலுக்கு வெளியிலேயே தொடர்ந்தது என்பது இங்குள்ள வழக்கு. வட்டமான இரும்புக் கம்பி வேலிக்குள் தோலும் மரமுமான நாற்காலிகளை இட்டார்கள். மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்ததும் கறுப்பு மேலாடை அணிந்த எட்டு உழவர்கள் வந்து அமர்ந்தார்கள். தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் தலைவர்கள் அவர்கள். ஒவ்வொருவரும் தம் நிலத்தைத் தாமே பயிரிடும் விவசாயியாக இருக்கவேண்டும். அந்தந்த வாய்க்கால் பாசனத்தாரே அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பித்தளைக் கொக்கி பூட்டிய கோலோடு நின்ற சேவகர், வாய்க்கால்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதில் குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று கூவினார். எட்டு முறையும் எவரும் முன்வரவில்லை. அவை கலைந்தது. எல்லாம் சில நிமிடங்களே.

சூழ நின்ற பயணிகள் சிலருக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை, வழக்கு வராமல் இருப்பதுதான் இந்த மன்றத்தின் வெற்றி. வழக்கு வந்தால் எல்லாம் வாய்மொழியே. வழக்கறிஞர் கிடையாது, மேல்முறையீடு கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் ஆற்றின் வலக்கரைக்காரர் என்றால் இடக்கரைத் தலைவர்களும், இடக்கரைக்காரர் என்றால் வலக்கரைத் தலைவர்களும் தீர்ப்புச் சொல்கிறார்கள். 960இல் கோர்தோபாக் கலீஃபாவின் காலத்தில் இது தோன்றியதாக மரபு சொல்கிறது. அந்த ஆண்டைவிட உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று: 1238இல் அரகோன் அரசர் முதலாம் ஹைமே வலென்சியாவைக் கைப்பற்றியபின், நீரை சாரசேனர், அதாவது முஸ்லிம்கள், காலத்தில் எப்படிப் பங்கிட்டார்களோ அப்படியே பங்கிடவேண்டும் என்று ஆணையிட்டார். கிரனாடாவில் இப்னுல் அஹ்மர் தம் குன்றுக்கு வாய்க்கால் இழுத்த அதே ஆண்டில் இங்கே நகரம் கைமாறியது. 2009இல் யுனெஸ்கோ இந்த அவையையும் முர்சியாவின் நீர் அவையையும் மானுடத்தின் மரபுச்செல்வமாக ஏற்றது.

பிற்பகலில் வடக்கே அல்போராயாவின் வயல்களுக்குப் போனேன். ரஸ்கான்யா வாய்க்காலின் பாசனம் இது. கோரை இனத்துக் கிழங்கு ஒன்றை இங்கே பயிரிட்டு, அரைத்து, குளிர்ந்த பானமாக விற்கிறார்கள்; அந்தப் பயிரும் அரபியர் கொண்டுவந்தது என்பார்கள். வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில், நீரோட்டத்தின் நடுவே கூர்முனைக் கல் ஒன்று நின்று நீரைப் பகிர்கிறது. மேலேயிருந்து எவ்வளவு வந்தாலும் பங்கின் விகிதம் மாறாது என்பதே இந்த முறையின் உயிர். வெள்ளத்திலும் அதே விகிதம், வறட்சியிலும் அதே விகிதம். கடைமடைக்காரரின் குறை தலைமடைக்காரரின் குறையாகவும் ஆகிவிடுகிறது. இங்கே நீர் நிலத்தோடு பிணைந்தது. நிலத்தை விட்டு நீரை மட்டும் விற்க முடியாது. டமாஸ்கஸைச் சூழ்ந்த சோலையின் பங்கீட்டு முறையும் இப்படித்தான் விகிதத்தை அடிப்படையாகக் கொண்டது என்று இரு ஊர்களையும் ஒப்பிட்ட வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள்.

1609 செப்டம்பரில் வலென்சியாவின் மொரிஸ்கோக்கள் அனைவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றும் அரசாணை அறிவிக்கப்பட்டது. 1614க்குள் ஸ்பெயின் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த ஆணையில் ஒரு விலக்கு இருந்தது: வீடுகளும் சர்க்கரை ஆலைகளும் நெல் அறுவடையும் பாசனமும் கெடாமல் இருக்கவும், புதிதாக வருவோருக்குக் கற்றுக்கொடுக்கவும், நூறு குடும்பங்களுக்கு ஆறு குடும்பங்கள் தங்கலாம். ஒரு மக்களை வேண்டாம் என்று துரத்துகிறவர்களே அவர்களிடமிருந்து எதை இழக்கப்போகிறோம் என்பதைத் தம் கையால் எழுதிவைத்த ஆவணம் அது. பெரும்பாலோர் அந்தச் சலுகையை ஏற்கவில்லை. உறவினரைப் பிரிந்து தங்குவதைவிடச் சேர்ந்து போவதையே தேர்ந்தார்கள். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் பல ஊர்கள் நெடுங்காலம் பாழாகக் கிடந்தன. கந்தியாவின் கரும்புத் தொழில் சரிந்தது. நான் நின்ற இந்தச் சமவெளி மட்டும், 1238 முதலே கிறித்தவ உழவர்கள் பழைய முறையைக் கையில் வாங்கிப் பழகியிருந்ததால், தப்பித்தது. சென்றவர்களில் ஒரு பகுதியினர் துனிசியாவின் மெஜெர்தா ஆற்றங்கரையில் தெஸ்தூர் என்ற ஊரைக் கட்டி, அங்கே மீண்டும் தோட்டங்களைப் பயிரிட்டார்கள்.